கல்லூரிக் கூடைப்பந்து கேம்கள் எங்கே போயின, திரும்பி வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை மட்டுமே வைத்து ஒரு பெரிய நிறுவனம் கன்சோலுக்கு கேம் வெளியிட்டது கடைசியாக 2009 நவம்பரில். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். என் அண்ணன் மகனும் அவர்களில் ஒருவன். என் அலமாரியில் கிடந்த பழைய டிஸ்க் ஒன்றைக் கையில் எடுத்தவன், "சித்தப்பா, இப்படியெல்லாம் ஒரு கேம் இருந்துச்சா?" என்று கேட்டான். அன்று அவன் கேட்டவையும், இந்தக் கேம்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பவையும்தான் இந்தக் கேள்விகள்.

என்.பி.ஏ. கேம் வருஷா வருஷம் வருகிறதே, கல்லூரிக்குத் தனியாக எதற்கு?

என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் இருப்பது 30 அணிகள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆண்கள் கூடைப்பந்து ஆடும் கல்லூரிகள் 350-க்கும் மேல். டியூக், கென்டக்கி, கான்சஸ் என்று உலகம் அறிந்த பெயர்களும் அதில் உண்டு. அந்த ஊர்க்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாத கல்லூரிகளும் உண்டு. எல்லாம் ஒரே பட்டியலில். நான் முதுகலை படித்தது அந்த இரண்டாவது வகைக் கல்லூரியில். எங்கள் அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். ஆனால் கேமை ஓடவிட்டால் எங்கள் கல்லூரியின் நிறமும் சின்னமும் டியூக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த ஒரு திரைக்காகவே வாங்கினேன்.

இன்னொன்று போட்டி முறை. என்.பி.ஏ. பிளே-ஆஃபில் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர் நடக்கும், பெரும்பாலும் வலுவான அணியே ஜெயிக்கும். 'மார்ச் மேட்னஸ்' எனப்படும் மார்ச் மாதக் கல்லூரிப் போட்டியில் 68 அணிகள். ஒரு தோல்வி, அதோடு வீட்டுக்கு. 2018-ல் யு.எம்.பி.சி. என்ற மேரிலாந்துக் கல்லூரி, நாட்டின் முதல் இடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74–54 என்று அடித்தது. ஆண்கள் போட்டியில் கடைசித் தரவரிசையான 16-ஆம் நிலை அணி 1-ஆம் நிலை அணியை வென்றது அதுதான் முதல் தடவை. 2023-ல் ஃபேர்லி டிக்கின்சன் பர்டியூவை அதேபோல வெளியேற்றியது. இந்தப் பதைபதைப்பை என்.பி.ஏ. கேமால் தர முடியாது.

எந்தெந்த கேம்கள் வந்தன?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1992-ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு 'என்.சி.ஏ.ஏ. பாஸ்கெட்பால்' வந்தது. ஆடுகளமே சுழன்று திரும்பும் முப்பரிமாணக் காட்சி அன்றைக்கு அதிசயம். 1995-ல் இ.ஏ. ஸ்போர்ட்ஸ், டியூக் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கியின் செல்லப்பெயரில் 'கோச் கே காலேஜ் பாஸ்கெட்பால்' வெளியிட்டது. பிறகு 'மார்ச் மேட்னஸ் 98' முதல் '08' வரை ஆண்டுக்கு ஒன்று. அதன்பின் பெயரை மாற்றி 'என்.சி.ஏ.ஏ. பாஸ்கெட்பால் 09', '10'. இ.ஏ.வின் கணக்கு அத்தோடு முடிந்தது. எதிர்ப்பக்கம் 2கே நிறுவனத்தின் 'காலேஜ் ஹூப்ஸ்' வரிசை 2007 நவம்பரில் வந்த 2கே8-ஓடு நின்றது. சோனியின் 'ஃபைனல் ஃபோர்' வரிசையும் நடுவில் சில வருடம் ஓடியது.

இவற்றில் எது சிறந்தது?

'காலேஜ் ஹூப்ஸ் 2கே8'. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பந்தை ஆடுவதைவிட ஆளைச் சேர்ப்பதில்தான் அதன் உயிர் இருந்தது. 'லெகசி' என்ற முறையில் நீங்கள் பயிற்சியாளர். சின்னக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைக்கும். உதவிப் பயிற்சியாளர்களை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடித்து, தொலைபேசியில் பேசி, அவர்கள் மனதில் இடம்பிடிக்க வேண்டும். ஆறடி பத்தங்குல உயரமுள்ள ஒரு பையனை மாதக்கணக்கில் விரட்டுவீர்கள். கடைசி வாரத்தில் ஒரு பெரிய கல்லூரி நுழையும், அவன் அங்கே கையெழுத்துப் போட்டுவிடுவான். அன்று எனக்கு வந்த எரிச்சல் நிஜமான எரிச்சல்.

பிறகு அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அணி இருபத்து சொச்சம் ஆட்டங்கள் ஜெயித்திருக்கும், ஆனால் கான்ஃபரன்ஸ் (உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் குழு) இறுதியாட்டத்தில் தோற்றிருக்கும். போட்டிக்குள் இடம் கிடைக்குமா என்பது தேர்வுக்குழுவின் கையில். அட்டவணை ஒவ்வொரு பகுதியாகத் திறக்கும், வரிசையாகப் பெயர்கள் விழும், உங்கள் பெயர் வராது, இன்னும் வராது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்த நாட்கள் உண்டு. பல வருடம் ஆடிப் பட்டம் முடிக்கும் பையன்களை என்.பி.ஏ. 2கே8-க்குள் டிராஃப்ட் வகுப்பாக (அணிகள் தேர்ந்தெடுக்கும் புதுமுகங்களாக) ஏற்றிக்கொள்ளவும் முடிந்தது.

இ.ஏ.வின் கடைசிப் பதிப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆட்டத்தைப் பொறுத்து ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சிப் பாணியிலும் சி.பி.எஸ். தொலைக்காட்சிப் பாணியிலும் ஒளிபரப்பு மாறும். பந்து இல்லாத நான்கு பேரும் திட்டப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் கல்லூரி ஆட்ட முறையை அது அழகாகக் கொண்டுவந்தது. நல்ல கேமாகவே அது செத்தது.

பழைய கேம்களில் வீரர்களுக்கு ஏன் பெயரே இல்லை?

கல்லூரி வீரர்கள் அமெச்சூர்கள், அவர்கள் பெயரிலோ முகத்திலோ யாரும் காசு பார்க்கக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ.வின் நெடுநாள் விதி. அதனால் திரையில் பெயர் வராது, ஆடும் இடமும் சட்டை எண்ணும்தான் வரும். ஆனால் உயரம், எடை, தோல் நிறம், தலைமுடி, எந்தக் கையால் எறிவார், எந்த மாநிலத்துக்காரர் என்பதெல்லாம் அச்சு அசலாகப் பொருந்தும். பெயரைத்தான் எடுத்தார்கள், ஆளை விட்டுவைத்தார்கள். வாங்கியவர்கள் தாங்களே உட்கார்ந்து பெயர்களைத் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள்.

அட்டைப்படங்களைப் பார்த்தால் இந்த விதி எவ்வளவு விசித்திரம் என்று புரியும். 2007 கடைசியில் வந்த இ.ஏ.வின் அட்டையில் டெக்சஸின் கெவின் டுரன்ட், 2கே-யின் அட்டையில் ஒஹாயோ ஸ்டேட்டின் கிரெக் ஓடன். அந்த ஜூனில் நடந்த என்.பி.ஏ. டிராஃப்டில் ஓடன் முதல் தேர்வு, டுரன்ட் இரண்டாம் தேர்வு. அதாவது கேம் கடைக்கு வந்தபோது இரண்டு பேருமே கல்லூரியை விட்டுப் போய்விட்டிருந்தார்கள். போனவர்களுக்குத்தான் பணம் கொடுக்கலாம், இருப்பவர்களுக்குக் கூடாது. இ.ஏ.வின் கடைசி கேமின் அட்டையில் இருந்த பிளேக் கிரிஃபினும் அப்படித்தான், அதற்குள் அவர் கிளிப்பர்ஸ் என்ற என்.பி.ஏ. அணிக்குப் போயிருந்தார்.

எட் ஓபேனன் போட்ட வழக்குதானே இந்தக் கேம்களைக் கொன்றது?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

எட் ஓபேனன் யு.சி.எல்.ஏ.வின் நட்சத்திரம். 1995 இறுதியாட்டத்தில் ஆர்கன்சாவுக்கு எதிராக 30 புள்ளி, 17 ரீபவுண்ட். அந்த ஆண்டு ஃபைனல் ஃபோரின், அதாவது கடைசி நான்கு அணிகளின் சுற்றில், மிகச் சிறந்த வீரர். என்.பி.ஏ.வில் இரண்டு சீசன், பிறகு வெளிநாட்டு லீக்குகள், அதன்பின் லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்கும் வேலை. ஒருநாள் நண்பர் வீட்டுக்குப் போனார். நண்பரின் மகன் ஆடிக்கொண்டிருந்த கேமில் 1995-ன் யு.சி.எல்.ஏ. அணி இருந்தது. அதில் மொட்டைத்தலையோடு, 31-ஆம் எண் சட்டையில், இடது கையால் பந்தை எறியும் ஒருவன். பெயர் இல்லை. தேவையும் இல்லை. விலை கொடுத்து வாங்கிய அந்த கேமில் தன் உருவம் ஓடியாடுகிறது, தனக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை, யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது. 2009 ஜூலையில் என்.சி.ஏ.ஏ., கல்லூரிச் சின்னங்களின் உரிமத்தைக் கையாளும் காலேஜியேட் லைசன்சிங் கம்பெனி ஆகிய இரண்டின் மீதும் வழக்குத் தொடர்ந்தார், இ.ஏ. பின்னர் சேர்க்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே சாம் கெல்லர் என்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரும் இதே மாதிரி ஒரு வழக்குப் போட்டிருந்தார்.

இப்போது தேதிகளை வரிசையாக வையுங்கள். 2கே விலகியது 2008-ன் தொடக்கத்தில், எந்த வழக்கும் வருவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னால். வழக்கு பதிவான பிறகும் இ.ஏ. தன் கடைசிக் கூடைப்பந்து கேமை வெளியிட்டது. 2010 பிப்ரவரியில் அடுத்த பதிப்பு கிடையாது என்றது. அதே வழக்குகளில் சிக்கியிருந்த அமெரிக்கக் கால்பந்து கேமை அதே இ.ஏ. 2013 ஜூலை வரை ஆண்டுதோறும் வெளியிட்டது. வழக்குக்குப் பயந்திருந்தால் இரண்டையும் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்? கால்பந்து கேம் நின்றதற்கு வழக்கு காரணம், மறுக்கவில்லை. கூடைப்பந்து கேம் நின்றது அதற்கும் முன்பே, வேறு நோயால்.

ஆனாலும் பழி முழுக்க ஓபேனன் தலையில் விழுந்தது. தன் சாயலைத் தன் அனுமதி இல்லாமல் விற்காதே என்று கேட்ட ஒரு மனிதரை, ரசிகர்கள் வருடக்கணக்கில் வில்லனாக்கிப் பேசினார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். தேதிகளைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

சரி, பிறகு எந்த நோயால் நின்றது?

விற்பனை. அமெரிக்கக் கால்பந்து கேம் ஜூலையில் வரும், அப்போது வேறு எந்த விளையாட்டும் சூடாக இருக்காது, ரசிகர்கள் பசியோடு காத்திருப்பார்கள். கூடைப்பந்து கேமோ பெரும்பாலும் நவம்பர் வாக்கில் வரும். அது கிறிஸ்துமஸ் விற்பனைக்காக எல்லாப் பெரிய கேம்களும் முட்டி மோதும் நேரம். பெரும்பாலானவர்களுக்குக் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல் ஆசை வருவது மார்ச்சில். அதற்குள் கேம் கடையின் பின்வரிசைக்குப் போயிருக்கும். 2009 மார்ச்சில் அந்தப் போட்டியை மட்டும் தனியே எடுத்து, டவுன்லோடு செய்துகொள்ளும் சிறு பதிப்பாக இ.ஏ. விற்றுப் பார்த்தது. தொடரை அது காப்பாற்றவில்லை.

அதே நிறுவனங்களின் என்.பி.ஏ. கேம்கள் ஒன்றிரண்டு மாதம் முன்புதான் வந்திருக்கும். ஒரே வீட்டில் இரண்டு கூடைப்பந்து கேம் வாங்குபவர் எத்தனை பேர்? எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 காலத்தில் தயாரிப்புச் செலவு ஏறியது. 300-க்கும் மேற்பட்ட அணிகளுக்கு உரிமம், அரங்கம், சீருடை, பாட்டு எல்லாம் வேண்டும்.

பள்ளி முடித்ததும் நேரே சேர முடியாதபடி 2005-ல் என்.பி.ஏ. கொண்டுவந்த வயது வரம்பும் ஒரு பக்கம் கேடு செய்தது என்பது என் கணிப்பு. பெரிய திறமைசாலிகள் கல்லூரிக்கு வந்தார்கள், ஆனால் ஒரே வருடத்தில் போனார்கள். முகம் பழகுவதற்குள் ஆள் இல்லை.

இதற்கு மேல் இன்னொரு அடி. இ.ஏ.வின் கல்லூரி கேம் அதன் என்.பி.ஏ. கேமின் எஞ்சின் மேல் நின்றது. 2010 இலையுதிர் காலத்தில் வரவேண்டிய 'என்.பி.ஏ. எலீட் 11' வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு தள்ளிப்போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. அடித்தளமே ஆடிப்போனது. 'என்.பி.ஏ. லைவ்' தொடர் 2013-ல் திரும்ப வந்தும் தடுமாறி, 2018-ல் வந்த 19-ஆம் பதிப்போடு ஓய்ந்தது.

வழக்கு கடைசியில் என்ன ஆயிற்று?

இ.ஏ.வும் உரிம நிறுவனமும் 4 கோடி டாலர், என்.சி.ஏ.ஏ. 2 கோடி டாலர், மொத்தம் 6 கோடி டாலர் கொடுத்து கேம் தொடர்பான வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டன. என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான ஓபேனன் வழக்கு மட்டும் 2014 ஜூனில் ஓக்லண்டில் விசாரணைக்கு வந்தது. ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கன், என்.சி.ஏ.ஏ. விதி போட்டியை ஒடுக்கும் சட்டமீறல் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில், வீரர்களுக்குப் பணம் தர அவர் சொன்ன ஏற்பாடு சுருங்கியது, தீர்ப்பின் அடிப்படை நின்றது. 2021 ஜூனில், ஆல்ஸ்டன் என்ற முன்னாள் கல்லூரி வீரர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 9–0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகச் சொன்னது. பத்தே நாளில், 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயலை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்க வழிசெய்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் தந்தவரும் அதே வில்கன்தான்.

அமெரிக்கக் கால்பந்து கேம் திரும்பி வந்ததே, அது எப்படி நடந்தது?

காசு கொடுத்து. 2024 ஜூலையில் வந்த 'காலேஜ் ஃபுட்பால் 25'-ல் 134 அணிகள் இருந்தன. சம்மதம் தந்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு கேமும். 10,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அட்டையில் இருந்த டிராவிஸ் ஹன்டர், குவின் யூவர்ஸ், டானவன் எட்வர்ட்ஸ் மூவரும் அப்போது கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். டுரன்ட், ஓடன் காலத்தில் நடக்கவே முடியாத காரியம். கேம் அமோகமாக விற்றது. 600 டாலர் பெரிய தொகை இல்லை, நட்சத்திர வீரருக்கு இது நியாயமா என்ற கேள்வி சரியான கேள்வியே. ஆனால் பூஜ்யத்துக்கும் 600-க்கும் நடுவில்தான் பத்து வருடச் சண்டை இருந்தது.

அப்படியானால் கூடைப்பந்து கேமும் வருமா?

2025 ஜூன் 30 அன்று இ.ஏ. ஸ்போர்ட்ஸ் ஒரு கூடைப்பந்துப் படத்தையும் மார்ச் மேட்னஸைச் சுட்டும் ஒரு வரியையும் வெளியிட்டது. ரசிகர்கள் அன்றிரவு தூங்கவில்லை. ஆனால் அறிவிப்பு வேறு, கேம் வேறு. நடுவில் மூன்று தடைகள்.

முதலாவது உரிமம். ஒவ்வொரு கல்லூரியும் தன் சின்னத்துக்குத் தானே சொந்தக்காரர். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தருவதா, பலருக்கும் தருவதா என்பதைப் பொறுத்தே எல்லாம். 2கே சும்மா இருக்கும் நிறுவனம் அல்ல. என்.பி.ஏ. 2கே16-லும் 2கே21-லும் சில கல்லூரிகளைக் கதைக்குள் கொண்டுவந்து காட்டியது. சில பெரிய கல்லூரிகளை மட்டும் என்.பி.ஏ. கேமுக்குள் சேர்ப்பது மலிவான வழி. அது எனக்கு உவப்பில்லை. கென்டக்கியும் டியூக்கும் மட்டும் இருக்கும் கேமில் யு.எம்.பி.சி. எங்கிருந்து வரும்?

இரண்டாவது ஆட்டத்தின் எஞ்சின். இ.ஏ. கையில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஆண்டுதோறும் வரும் மேடன் என்ற கேம் தயாராக இருந்தது, கூடைப்பந்துக்கு அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று இல்லை. ஏறக்குறைய அடியிலிருந்து கட்ட வேண்டும். 2கே-க்கு இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது டிரான்ஸ்பர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பதிவேடு. 2021 முதல் வீரர்கள் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டிய தேவையின்றிக் கல்லூரி மாறலாம். கூடைப்பந்து அணியில் ஆட்கள் குறைவு என்பதால் ஒரே கோடையில் அணி முழுக்கவே மாறிவிடுகிறது. சம்மதம் வாங்குவது, முகத்தை ஸ்கேன் செய்வது, பட்டியல் போடுவது எல்லாம் அந்தச் சில மாதங்களில். ஆனால் இதையே கேமின் சுவையாகவும் ஆக்கலாம். பயிற்சியாளராக ஆடும்போது, நீங்கள் வளர்த்த பையன் போர்ட்டலுக்குப் போகிறான் என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும்? 2கே8-ல் வந்த எரிச்சலைப்போல இரண்டு மடங்கு.

பெண்கள் அணிகளும் இருக்குமா?

இருந்தே ஆக வேண்டும். 2024 இறுதியாட்டங்களை அமெரிக்காவில் பார்த்தவர்கள் கணக்கைப் பாருங்கள்: கெய்ட்லின் கிளார்க்கின் அயோவாவும் சவுத் கரோலினாவும் மோதிய பெண்கள் ஆட்டத்துக்கு 1.8 கோடிக்கும் மேல், ஆண்கள் ஆட்டத்துக்குச் சுமார் 1.48 கோடி. பெண்கள் இறுதியாட்டம் ஆண்களுடையதை முந்தியது அதுவே முதல் முறை. கடைசியாக வந்த இ.ஏ., 2கே கேம்கள் ஆண்களை மட்டுமே வைத்தவை. என் அண்ணன் மகள் பள்ளி அணியில் பாயின்ட் கார்ட். அவளுக்கு வாங்கித் தர அப்போது ஒன்றும் இருந்திருக்காது.

அதுவரை எதை ஆடுவது?

பழைய எக்ஸ்பாக்ஸ் 360-ஓ பிளேஸ்டேஷன் 3-ஓ இருந்தால் 2கே8-ன் டிஸ்க்கைத் தேடிப் பிடியுங்கள். இன்றைய கன்சோல்களில் அது ஓடாது. ஆர்வலர்கள் இத்தனை வருடம் கழித்தும் புதிய சீசனின் வீரர் பட்டியலைக் கையாலேயே தயாரித்து ஏற்றுகிறார்கள். சம்பளமில்லாத வேலை, ஆயிரக்கணக்கான பெயர்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆளைச் சேர்ப்பதும் அணியை நடத்துவதும் மட்டும் போதும் என்பவர்களுக்கு, கணினியில் 'டிராஃப்ட் டே ஸ்போர்ட்ஸ்: காலேஜ் பாஸ்கெட்பால்' இருக்கிறது. அதில் நீங்கள் பந்தைத் தொட மாட்டீர்கள், முடிவுகள் மட்டும் எடுப்பீர்கள்.

புதிய கேமில் பழைய சரித்திர அணிகள் வருமா?

அதற்கு ஓய்வுபெற்ற ஒவ்வொரு வீரரிடமும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும். வேலை அதிகம் என்று நிறுவனங்கள் தவிர்க்கப் பார்க்கலாம். தவிர்க்கக் கூடாது என்பேன். 1995-ன் யு.சி.எல்.ஏ. அணியை எடுத்து என் அண்ணன் மகனுக்கு எதிராக ஆட வேண்டும். இடது கைக்காரர், 31-ஆம் எண். இந்தத் தடவை சட்டையின் முதுகில் ஓபேனன் என்று எழுதியிருக்க வேண்டும்.